ஃபியூஸ் சும்மா போகாது, மாமா!

பி.காம். படித்தவனுக்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நிஜமாகவே சம்பந்தம்தான். என் மனைவியின் தம்பி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. பெண் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆற்ற வேண்டிய கடமைகளில் முதலாவது, மச்சினனுக்கு வேலை வாங்கித் தருவது. நான் அக்கவுண்டன்ட்டாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த கம்பெனியில், முதலாளியிடம் பல்லைக் காட்டி அவனை சர்வீஸ் என்ஜினீயராகச் சேர்த்துவிட்டேன். அதிலிருந்து மாமனார் வீட்டில் என் இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாக விழ ஆரம்பித்தது.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மவுண்ட் ரோடு சந்து ஒன்றில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிகளுக்கு லேசர் மெஷின் விற்பது, விற்றதை ரிப்பேர் பார்ப்பது, ரிப்பேர் பார்த்ததற்குக் காசு கேட்டு நடையாய் நடப்பது. மூன்றாவது இலாகா என்னுடையது.

அதுவரை எனக்கு லேசர் என்றால் சினிமா வில்லன் ஹீரோவைக் கட்டிப்போட்டுக் கால் பக்கமாக நகர்த்திக்கொண்டு வருகிற சிவப்புக் கோடுதான். மச்சினன்தான் பாடம் எடுத்தான். முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லை வைத்து எரிய விட்டார். 1964-ல் கார்பன்டை ஆக்ஸைடு லேசரைக் கண்டுபிடித்தவர் நம்ம ஆள். மகாராஷ்டிராவில் பாராமதியில் பிறந்த சி.கே.என். படேல். சர்ஜன்கள் இன்றைக்கும் தசையை வெட்ட அதைத்தான் பிடிக்கிறார்கள். விழித்திரைக்குப் பச்சை லேசர். கண்ணுக்கே தெரியாத 1064 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகத்துக்குள் அனுப்பினால் சரிபாதியாக 532 ஆகி, கிளிப்பச்சையில் வெளியே வரும். "பாதிக்குப் பாதி தள்ளுபடின்னு வெச்சுக்குங்க மாமா, உங்களுக்குப் புரியும்" என்றான். புரிந்தது.

இவ்வளவு பெரிய விஞ்ஞானம், ஆனால் வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி: "ஸார், மெஷின் ஆன் ஆகலை."

ரிசப்ஷன் பெண் லீவு போட்டால் போன் என் மேஜைக்கு வரும். மச்சினன் ஒரு துண்டுச் சீட்டில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதி என் கால்குலேட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்தான். சுவர் பிளக்கில் கரண்ட் வருகிறதா, வேறு எதையாவது செருகிப் பார்த்தீர்களா? சிவப்புக் காளான் மாதிரி ஒரு பட்டன் இருக்குமே, அது அமுங்கியிருக்கிறதா? சாவி போட்டுத் திருப்பினீர்களா? கால் சுவிட்சின் கேபிள் பின்னால் செருகியிருக்கிறதா? நம்ப மாட்டீர்கள், பாதி வியாதி இந்தச் சீட்டிலேயே குணமாகிவிடும். அந்தக் காளான் பட்டன் ஆபத்துக்கு அமுக்குவதற்காக வைத்தது. பெருக்குகிற அம்மாவின் முழங்கை பட்டாலும் அமுங்கும். திருகினால்தான் மேலே வரும். இது தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷினுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் டாக்டர் மெஷின் சாவியைப் பைக் சாவியோடு கோத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மற்றோர் இடத்தில் கால் சுவிட்ச் கேபிளை எலி கடித்திருந்தது. (எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.)

அந்தக் காலத்து ஆர்கன் லேசர் இன்னும் தமாஷாம். அதற்கு மூன்று ஃபேஸ் கரண்ட்டும் வேண்டும், உள்ளே ஓடிக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் வேகம் குறைந்தால் மெஷின் தானே நின்றுவிடும். "இன்னிக்கு கார்ப்பரேஷன் தண்ணி வரலை, அதனால லேசர் கிடையாது" என்று பேஷண்ட்டைத் திருப்பி அனுப்பிய கதையைப் பழைய ஆசாமிகள் சொல்வார்கள்.

நான் கணக்குக்காரன். எனக்கு இதில் தெரிந்ததெல்லாம் டிராவல் பில். 'இன்டர்லாக் பிளக் செருகப்பட்டது' என்று ஒரு வரி. அதற்கு பஸ் சார்ஜ், லாட்ஜ், இரண்டு வேளைச் சாப்பாடு. ஒரு தடவை சிவப்பு மையில் 'இதற்கா இவ்வளவு?' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். மச்சினன் எனக்குப் பதில் எழுதவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டான். ராத்திரி எனக்கு ரசம் மட்டும்.

இனி சொல்லப்போவது 2017 ஆகஸ்ட் சமாசாரம். ஜி.எஸ்.டி. பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்கவுண்ட்ஸ் வேலையில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் ஞாபகம் இருக்கும். தூங்கியது ஞாபகம் இருக்காது. தேனிப் பக்கம் ஓர் ஊரில், ஒரு டாக்டரம்மா நடத்துகிற சின்னக் கண் ஆஸ்பத்திரி. ஏழாம் தேதி அங்கிருந்து போன்: மெஷின் ஆன் ஆகலை. சீட்டில் இருந்ததையெல்லாம் கேட்டேன். சாவி இருக்கிறது, காளான் அமுங்கவில்லை. ஆள் போயாக வேண்டும்.

லெட்ஜரைத் திறந்தேன். அந்த ஆஸ்பத்திரியின் வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தப் பணம், ஜூலையில் பில் போட்டது, வரவில்லை. கம்பெனி விதி: பணம் வராமல் ஆள் அனுப்பக் கூடாது. பெயருக்கு எதிரே 'ஹோல்ட்' என்று போட்டேன். ஒரே ஒரு வார்த்தை. மச்சினன் இரண்டு தரம் வந்து நின்றான். "மாமா, ரெட்டினா மெஷின். சும்மா இல்ல." "ரூல்னா ரூல்டா மாப்ளே" என்றேன். அந்த வயசில் அப்படிச் சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

பதினெட்டு நாள் கழித்து முதலாளியே, "நீயும் கூடப் போ. அவன் மெஷினைப் பார்க்கட்டும், நீ செக்கை வாங்கிட்டு வா" என்றார். கோயம்பேட்டில் பஸ் ஏறினோம்.

காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் பெஞ்சில் ஆறேழு பேர். மெஷின் வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி இல்லை, மழையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

நான் நினைத்தேன், போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைக் கழற்றுவான் என்று. இல்லை. பையையே திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நர்ஸ் பெண்ணிடம் கதை கேட்டான். "எந்த நேரத்துல நின்னுச்சு? யாரு பக்கத்துல இருந்தா? அன்னிக்கு ஆஸ்பத்திரில வேற ஏதாவது கெட்டுப்போச்சா?"

அந்தப் பெண் யோசித்தாள். "டியூப்லைட் ரெண்டு போச்சு ஸார். என் செல் சார்ஜர் டப்புன்னு வெடிச்சிருச்சு."

"ம்" என்று மட்டும் சொன்னான். டாக்டர்கள் சொல்வார்களே, அந்த 'ம்'.

மீட்டரை எடுத்துச் சுவர் பிளக்கில் வைத்தான். 228 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தான்: ஒன்றரை வோல்ட். சரியாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் பின்னால் கேபிள் செருகுகிற இடத்தில் குட்டி மூடியைத் திறந்தான். இரண்டு ஃபியூஸ். ஒன்று போயிருந்தது. கண்ணாடிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். உள்ளே மை பூசின மாதிரிக் கறுப்பு. "கம்பி மட்டும் நடுவில அறுந்திருந்தா வேற கதை. இது ஒரே அடியில போயிருக்கு."

"அப்ப வேற ஃபியூஸ் போட்டா முடிஞ்சுது" என்றேன், ஒன்பதரை மணிக்கே செக்கை வாங்கிவிடும் உற்சாகத்தில்.

"ஃபியூஸ் சும்மா போகாது, மாமா. அது செத்தவன். கொன்னவன் எவன்னு பாக்கணும்."

அதே அளவு ஃபியூஸைப் போட்டான். (நல்லவேளை, அதற்குள் யாரும் சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றவில்லை. சுற்றுகிறவர்கள் உண்டாம்.) சாவியைத் திருப்பினான். விளக்குகள் எரிந்தன, உள்ளே ஃபேன் உறுமியது, மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. எனக்கே ஜிவ்வென்றது. உடனே ஒரு பீப். திரையில் 'இன்டர்லாக்'.

நான் சிவப்பு மையில் கேலி செய்த அதே இன்டர்லாக்! இந்த வகை லேசரெல்லாம் நாலாம் வகுப்பு. அதாவது கண்ணுக்கு ஆபத்து என்பதில் கடைசி வகுப்பு. சுவரில் பட்டுத் தெறிப்பது கூடப் பார்வையைக் கெடுக்கலாம். அதனால் மெஷின் பின்னால் ஒரு துளை வைத்து, வேண்டுமானால் அறைக் கதவோடு இணைத்துக்கொள் என்று விட்டிருப்பார்கள். யாராவது கதவைத் திறந்தால் லேசர் நின்றுவிடும். கதவோடு இணைக்காத இடத்தில், அந்தத் துளையில் வயரே இல்லாத ஒரு குட்டி பிளக்கைச் செருகி வைப்பார்கள். அது இல்லாவிட்டால் கதவு திறந்திருக்கிறது என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும்.

வாலில்லாத பிளக். பார்க்கிறவனுக்குக் குப்பை. மெஷின் கெட்டுப்போன வாரம் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். எங்கே போனதோ? நர்ஸின் கொண்டை ஊசியை வளைத்துச் செருகிவிடலாமே என்று நான் ஐடியா சொன்னேன். மச்சினன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நான் இன்னிக்கு ஊசி சொருகினா, நாளைக்கு இவங்க எல்லாத்துக்கும் ஊசி சொருகுவாங்க." டிராயர், பினாயில் அலமாரி, பிள்ளையார் மாடம் எல்லாம் தேடினோம். கடைசியில் பெருக்குகிற ஆயா, "இதுவா பாரு கண்ணு" என்று சுருக்குப் பையிலிருந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கீழே கிடந்ததாம். பார்த்தால் விலை உசந்த சாமான் மாதிரி இருந்ததால் குப்பையில் போட மனசு வரவில்லையாம்.

செருகினான். மெஷின் தயார் என்றது. எல்லோருக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டி, கதவைச் சாத்தி, பவர் மீட்டரில் அடித்துப் பார்த்தான். திரையில் காட்டுவதும் வெளியே வருவதும் ஒத்துப்போயின.

இந்த இடைவெளியில் நான் டாக்டரம்மா அறைக்குப் போனேன். பில் காப்பியை நீட்டினேன். அவர் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஜூலை 10-ம் தேதி அவர் அனுப்பிய மெயில். 'உங்கள் பில்லில் எங்கள் ஜி.எஸ்.டி. எண் தவறு. திருத்தி அனுப்பினால் அன்றே பணம் அனுப்புகிறோம்.' ஆஸ்பத்திரியோடு கண்ணாடிக் கடையும் இருந்ததால் அவர்களுக்கு எண் உண்டு. பதினைந்து எழுத்தில் ஜீரோ இருக்க வேண்டிய இடத்தில் நான் 'ஓ' அடித்திருந்தேன். ஜூலை 24-ல் இன்னொரு மெயில். இரண்டும் வந்தது என் பெட்டிக்குத்தான். அந்த மாதம் வந்த நானூறு மெயிலில் நான் அவற்றைத் திறக்கவே இல்லை.

"பரவாயில்ல தம்பி, இப்ப திருத்திக் குடுங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நாற்பது, நாற்பத்திரண்டு வயசு மதிக்கத்தக்க ஆள். மலைக்கு மேலே கேரளா பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். சர்க்கரை. ஏழாம் தேதி அவருக்கு லேசர் என்று நாள் குறித்திருந்ததாம். "மெஷினு ஓடலைன்னாங்க. மதுரைக்குப் போங்கன்னு அம்மா சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. ஒரு நா வண்டி ஓட்டலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க தம்பி. சரி, இங்கயே சரியாயிரும்னு இருந்துட்டேன்." போன வாரம் வளைவில் ஓட்டிக்கொண்டிருந்தபோது வலது கண்ணுக்குள் ஒட்டடை மாதிரி ஏதோ இறங்கியதாம். அப்புறம் புகை. இப்போது அந்தக் கண்ணில் கையசைப்பு மட்டும்தான் தெரிகிறது.

சர்க்கரை வியாதியில் விழித்திரையில் பலவீனமான புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை பட்டென்று கசியும். ஓரங்களில் லேசரால் நூற்றுக்கணக்கில் பொட்டு வைத்தால் அந்த முளைகள் அடங்கும்; 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியில், பார்வை கடுமையாகப் பறிபோகிற ஆபத்து இதனால் பாதிக்கு மேல் குறைகிறது என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் ரத்தம் கசிந்து திரை போட்டுவிட்டால் லேசர் உள்ளே போக முடியாது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் ஏழாம் தேதி. அது என் லெட்ஜரிலும் இருந்தது.

"இன்னிக்கு இடது கண்ணுக்கு வெச்சிருவாங்க. அது இருந்தாப் போதும்" என்றார். பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துப் பாதி உடைத்து எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சொட்டு மருந்து போட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, டாக்டரம்மா கால் சுவிட்சில் காலை வைத்தார். இரண்டு பச்சை மின்னல். டக். மெஷின் அணைந்து, தானே மறுபடி எரிந்தது. அறைக்குள் விளக்கு மங்கலாக ஆகியிருந்தது.

எனக்கு வயிறு பிசைந்தது. மச்சினனோ, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பிடித்துவிட்ட மாதிரி எழுந்தான். "மாமா, அடுத்த ரூம் லைட்டைப் பாருங்க." எட்டிப் பார்த்தேன். அங்கே விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

பிளக்கில் மீட்டரை வைத்தான்: 171. அடுத்த அறையில்: 268. "இப்ப எதைப் போட்டீங்க?" என்று கத்தினான். கீழே ஆபரேஷன் சாமான்களை வேகவைக்கிற ஆட்டோகிளேவை அப்போதுதான் போட்டிருந்தார்கள். அணைக்கச் சொன்னான். விளக்குகள் சமாதானமாயின. ரிசப்ஷனில் ஏ.சி.யைப் போடச் சொன்னான். இப்போது இந்த அறை எகிறியது, 259.

"நியூட்ரல் லூஸு. மூணு ஃபேஸுக்கும் பொதுவான கம்பி. சீசா பலகை மாதிரி நினைச்சுக்குங்க. நடு ஆணி கழண்டா, வெயிட்டு ஏறின பக்கம் அமுங்கும், வெயிட்டில்லாத பக்கம் எகிறும். காலைல ரெண்டு பக்கமும் வெயிட்டே இல்ல, அதான் 228 காட்டுச்சு. அன்னிக்கு இந்தப் பக்கம் எகிறினதுல ஃபியூஸும் சார்ஜரும் டியூப்லைட்டும் சேந்து போயிருக்கு."

"இதுக்கு ஸ்டெபிலைசர் குடுத்தோமே?" என்றேன். என் லெட்ஜரில் இருக்கிறது, நான் பில் போட்டது. தேடினால், ரிசப்ஷன் ஏ.சி.க்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது! ஏ.சி. அடிக்கடி நிற்கிறதென்று யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஊர் எலக்ட்ரீஷியன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து நிச்சயப்படுத்திக்கொண்டு, போர்டைத் திறந்தார். நியூட்ரல் கம்பி கோக்கிற பட்டையில் ஒரு திருகு ஆடிக்கொண்டிருந்தது. கம்பியின் மேலுறை கறிவேப்பிலைத் தாளிப்பு மாதிரி கருகியிருந்தது. கருகியதை வெட்டி, புது முனை கோத்து, பட்டையை மாற்றி இறுக்கினார். எல்லா லோடையும் போட்டுப் பார்த்தார்கள். மூன்று ஃபேஸும் 226-க்கும் 230-க்கும் நடுவில். மச்சினன் ஸ்டெபிலைசரைத் தன் கையாலேயே தூக்கி வந்து மெஷினுக்கு வைத்தான். மறுபடி பவர் மீட்டர், மறுபடி சோதனை. மெஷினின் மேல் மூடியை அவன் கடைசிவரை கழற்றவே இல்லை.

மூன்று மணிக்கு ஜீப் டிரைவர் மறுபடி தாடையை வைத்தார். கதவுக்கு வெளியே நின்று நான் கால் சுவிட்சின் டிக் டிக்கை எண்ணினேன். இருநூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

சாயங்காலம் திருத்திய பில்லைக் கொடுத்து செக்கை வாங்கிக்கொண்டேன். போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "அந்த டிரைவருக்கு ஏழாம் தேதியே பண்ணியிருந்தா, மேடம்..." என்று இழுத்தேன்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "பண்ணியிருந்தாலும் கசிஞ்சிருக்கலாம் தம்பி. கசியாமலும் இருந்திருக்கலாம். யாரு சொல்ல முடியும்?"

வாசலில் அவர் துண்டால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எல்லாம் இந்தக் கரண்ட்டு பண்ற வேலை, பாத்தீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் மச்சினன் ஜன்னலோரம் தூங்கிவிட்டான். நான் செக்கை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். ஜீரோவெல்லாம் ஜீரோவாகத்தான் இருந்தது. ஆபீஸுக்குப் போனதும் 'ஹோல்ட்'டை எடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அந்த வேலையையும் விட்டேன், அதற்குக் காரணம் வேறு.

நவம்பரில் மச்சினன் அந்தப் பக்கம் போனபோது விசாரித்துக்கொண்டு வந்தான். மதுரையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்றாம், ஓரளவு தெரிகிறதாம். மலை ரோட்டில் இனி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ஜீப்பை விட்டுவிட்டு, ஏலக்காய் மண்டியில் எடை போடுகிறாராம்.

"இடது கண்ணு நல்லாயிருக்கு மாமா. தராசு முள்ளைப் பாத்து கரெக்டா போடறாரு" என்றபடி டிராவல் பில்லை மேஜையில் வைத்தான். பஸ் சார்ஜ், லாட்ஜ், இரண்டு வேளைச் சாப்பாடு. வேலை விவரம் என்ற இடத்தில் 'நியூட்ரல் திருகு சரிபார்க்கப்பட்டது' என்று ஒரே வரி.

நீல மையில் கையெழுத்துப் போட்டேன்.